எழுதியவள் பெயர்

காலை ஆறரை. பள்ளிப் பேருந்தின் தூக்குப் பலகை பனியில் உறைந்து இன்றும் இறங்க மறுத்தது. டெஸ்மண்டைச் சக்கர நாற்காலியோடு நானும் ஜோலீனும் கையாலேயே இறக்கினோம். பதினொரு வயசுப் பிள்ளை, நல்ல கனம். ஜோலீனின் இடுப்பு நறுக்கென்றது.

"செத்தேன்டி வெர்னா!" என்றாள். பிடியை மட்டும் விடவில்லை.

சிறப்பு வகுப்பில் எங்களுக்கு உதவியாளர்கள் என்று பெயர். யாருக்கு உதவி? ஆசிரியர் உரிமம் வைத்திருந்த டீச்சர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. ஊட்டுவது, துடைப்பது, கற்றுக்கொடுப்பது, முன்னேற்றக் குறிப்பு எழுதுவது எல்லாம் நான், ஜோலீன், ஓபல், ரோவினா என்று நாங்கள் நாலு பேர். அடியில் கையெழுத்துப் போடுவது மட்டும் மாவட்ட அலுவலகத்தில் ஒரு மகராசி. எங்கள் பிள்ளைகளின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

ஜோலீன் ஆறு வருஷம் மாலைக் கல்லூரியில் படித்து, தேர்விலும் ஜெயித்துவிட்டாள். சிறப்பாசிரியர் உரிமத்துக்கு இன்னும் ஒரே படி, அறுநூறு மணி நேர வகுப்பறைப் பயிற்சி. ஒன்பது வருஷமாக அதைத்தானே செய்கிறாள்! மதியம் படிவத்தோடு தலைமையாசிரியர் ஸ்டாம்பரிடம் போனோம்.

"உரிமம் உள்ளவங்க கூட இருந்தாத்தான் அது பயிற்சி, ஜோலீன். உங்க ரூம்ல யாரும் இல்லியே."

"இல்லாததுக்கு நானா சார் பொறுப்பு?"

"விதி அப்படி. வேலையை விட்டுட்டு வேற ஸ்கூல்ல பதினாறு வாரம் சம்பளமில்லாம பண்ணுங்க."

"என் வயிறும் பதினாறு வாரம் லீவு போடுமா? டெஸ்மண்ட் அந்தப் பேசுற பட்டனை அழுத்தித் தண்ணி கேக்குறானே, யார் சார் சொல்லிக் குடுத்தா? காத்தா?"

ஸ்டாம்பர் டெஸ்மண்டின் முன்னேற்றக் குறிப்பைப் புரட்டி, கடைசிப் பக்கத்துக் கையெழுத்தைக் காட்டினார். "இதோ, இவங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை குறிப்பு அனுப்பும் நாள். ஒவ்வொன்றின் அடியிலும், 'கற்பித்து எழுதியது' என்று போட்டு எங்கள் பெயரை எழுதினோம். முதல் பேனா என்னுடையது. அடுத்து ஜோலீன், பிறகு ஓபல். நாலாவதாக ரோவினா எழுதி முடிப்பதற்குள் ஸ்டாம்பர் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"இதெல்லாம் செல்லாது. வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்," என்றேன். "செல்லுற கையெழுத்துக்காரம்மாவ வரச் சொல்லுங்க. ரெண்டு மணிக்கு டெஸ்மண்டுக்குத் துணி மாத்தணும்."

"தண்ணி," என்றது டெஸ்மண்டின் பட்டன்.

ஸ்டாம்பர் பக்கத்திலிருந்த குவளையை எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனார். ஜோலீன் பாய்ந்து பிடுங்கினாள்.

"கொன்னுருவீங்க போலருக்கே! அவனுக்குப் பொடி போட்டுக் கெட்டியாக் கலக்கணும், இல்லேன்னா புரையேறிடும். மொதப் பக்கத்துலயே எழுதியிருக்கேன். கடைசிப் பக்கத்த மட்டும் பாத்தா எப்படி சார்?"

அவள் தண்ணீரைக் கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள்.

ஜோலீனின் படிவத்தில் பயிற்சி நேரம் இன்னும் பூஜ்யம்தான். அதைக் கேட்கத் திங்கட்கிழமை கல்வி வாரியக் கூட்டத்துக்கு நாலு பேரும் போகிறோம். டெஸ்மண்டின் அம்மாவும் வருகிறாளாம். யார் கற்றுக்கொடுத்தது என்று அவளும் எழுதிக் கையெழுத்துப் போடுவாளாம்.