சுகந்தினி டீச்சரின் சத்தியம்

எருக்கலம்பிட்டிப் பஸ்னாவுக்கு வயசு பன்னிரண்டு. சரியான வாயாடி, கதைக்கத் தொடங்கினா வகுப்பே சிரிக்கும். வாசி எண்டு சொன்னாத்தான் புத்தகத்துக்குப் பின்னால ஒளிவாள். இந்த வருசம் வந்த சுகந்தினி டீச்சர்தான், "உனக்கு மூளையில ஒரு குறையுமில்லை பிள்ளை, டிஸ்லெக்சியா எண்டு ஒரு வாசிப்புச் சிரமம், அவ்வளவுதான்" எண்டு கண்டுபிடிச்சவ. பாடத்தைப் படம் பிடிச்சா அதைக் காதுக்குள்ள வாசிச்சுக் காட்டுற டெப் எண்ட கைக்கணினி ஒண்டும் ஒரு உதவித் திட்டத்தில கேட்டு எடுத்துக் குடுத்தா.

வயரில்லாத இயர்போன், பர்தாவுக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது. "மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லிராதீங்க டீச்சர், மக்கு எண்டு நக்கலடிப்பாங்க" எண்டு பஸ்னா கெஞ்சினாள். டீச்சர் தன்ர தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணினா. பிறகென்ன, வரலாற்றில கேள்வி கேட்டா முதல்ல எழும்புறது பஸ்னாவின்ர கைதான்.

போன செவ்வாய்க்கிழமை, டெப் குடுத்த திட்டத்துக்காரர் பாக்க வந்திச்சினம். மண்டபம் நிறையப் பிள்ளையள். டீச்சர் மைக்கைப் பிடிச்சு, "பஸ்னா, மேடைக்கு வாங்கோ" எண்டா. பரிசு தரப்போறா எண்டு நினைச்சு ஓடிப்போனாள், பாவம்!

"இந்தப் பிள்ளைக்கு ஒரு வரி ஒழுங்கா வாசிக்க வராது. முதல்ல இயர்போன் இல்லாமல் வாசிக்கட்டும், பிறகு வித்தியாசத்தைப் பாருங்கோ."

சத்தியம் பண்ணின அதே வாய்! நம்ப வச்சுக் கழுத்தறுத்தாச்சு எண்டு பஸ்னாவுக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சுது. இயர்போனைக் கழட்டிக் குடுத்தாள். தட்டுத்தடுமாறி ஒரு வரி வாசிச்சாள். பின்வரிசையில சிரிப்பு எழும்பிச்சு. றினோஸாவும் சிரிச்சாள், இடைவேளையில பஸ்னாவிட்ட வரலாறு கேட்டுப் படிக்கிறவள்.

இப்ப இயர்போனைத் திரும்ப மாட்டச் சொன்னா டீச்சர். காதுக்குள்ள குரல் தெளிவாத்தான் வாசிச்சுது. பஸ்னா வாயே திறக்கேல்லை. டீச்சர் பல்லைக் கடிச்சுக்கொண்டு "சொல்லு, சொல்லு" எண்டா. ம்ஹூம். வந்தவை ஆளையாள் பாத்திச்சினம். "மெசின் பழுதோ?" எண்டு ஒருத்தர் கேட்டார்.

"இல்ல சேர், நல்லா வேலை செய்யுது" எண்டு மைக்கிலயே சொல்லிப்போட்டுப் பஸ்னா இறங்கி நடந்தாள்.

டீச்சர் பின்னால ஓடிவந்து வாசலில மறிச்சா. கண்ணெல்லாம் கலங்கியிருந்துது.

"உன்னை எவ்வளவு நம்பினன்! எல்லாருக்கும் முன்னால என்னை இப்பிடி அவமானப்படுத்திப்போட்டியே, ஏனடி?"

பஸ்னா அவவின்ர முகத்தை நேராப் பாத்தாள்.

"அதத்தான் டீச்சர் நானும் உங்களிட்டக் கேக்க இருந்தன்."