பதினோரு நிமிட மௌனம்

சுரேந்தருக்குக் காது கேட்காது. இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். நம்புவதற்கு என்ன, காசா பணமா?

கருமத்தம்பட்டியில் எட்டு விசைத்தறிகளுக்கு நடுவில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறவன். அந்தச் சத்தத்தில் காது போகாவிட்டால்தான் அதிசயம். தறிக் குடோனில் யாரும் காதால் பேச்சு கேட்பதில்லை. எதிராளியின் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். அதில் இவன் கெட்டிக்காரன். நேருக்கு நேர் நின்று பேசினால் ஒரு சொல் தப்பாது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் எல்லாம் வெறும் இரைச்சல். காதுக்கு மெஷின் வைக்கலாம்தான். வைத்தால் ஊருக்கே தெரிந்துபோகுமே! அதனால் வைக்கவில்லை. போன் வந்தாலும் எடுக்க மாட்டான், வாட்ஸ்அப் மட்டும்தான். தலைக்கனம் என்றார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

சினிமாப் பைத்தியம் பிடித்ததும் அந்தக் குடோனில்தான். தறிச் சட்டத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்ப்பான். எல்லாம் கீழே வசனம் எழுத்தாக ஓடுகிற வெளிநாட்டுப் படங்கள். ஏதோ ஒரு விழாவில் நாற்பது பேர் பார்த்துவிட்டு மறந்துபோன படங்கள். அவற்றில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். ஒரு முகத்தைக் காட்டினால் அந்த முகம் சொல்லித் தீர்க்கும்வரை காட்டுவார்கள். காணாமல் போன ஆட்டை ஒரு கிழவன் இரண்டு மணி நேரம் தேடும் படத்துக்கு அவன் ஒன்பது பக்கம் எழுதினான். ‘தறிக்காரன்’ என்ற பெயரில் இணையத்தில் அவன் எழுதுவதைப் படித்துவிட்டு, அந்த ஆட்டைத் தேடிப் போனவர்கள் நானூறு பேர். கண்ணால் பார்த்ததை அவனைப் போல எழுத ஆளில்லை என்றார்கள். கண் ஒன்றுதானே மிச்சம் இருந்தது.

அப்படித்தான் கேரளத்துத் திரைப்பட விழாக்காரர்கள் செய்தி அனுப்பினார்கள். விழாவுக்குப் படம் தேர்வு செய்யும் குழுவில் ஓர் இடம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து, இன்னும் யாரும் பார்க்காத படங்களைப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் நஸ்ரியா என்ற புது இயக்குநரின் படத்தை ஞாயிறு காலையில் திரையிடுகிறார்கள், நீங்கள் பேசுவதைக் கேட்க வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். இருபது வயதில் குடோனுக்குள் போனவனுக்கு வெளியே போக ஒரு கதவு திறந்தது அப்போதுதான். அந்தச் செய்தியை அவன் எத்தனை முறை படித்தான் என்பதற்குக் கணக்கில்லை.

ஞாயிறு காலை கிளம்பும்போது அவன் மனைவி தெய்வாத்தாள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

“போயிட்டு வாரேன்” என்றான். அவள் திரும்பவில்லை.

இந்த நாலு வருஷமாகவே அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். என்ன கோபமோ! கேட்டால் வம்பு என்று இவனும் கேட்கவில்லை.

அரங்கில் அவனை நட்ட நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் நஸ்ரியா, மறுபக்கம் கேரளத்துக்காரர்கள் இருவர். விளக்கு அணையப் போகும் நேரத்தில் நஸ்ரியா சந்தோஷமாக அவன் பக்கம் திரும்பினாள்.

“கீழ ஓடற எழுத்தெல்லாம் இன்னைக்கு எடுத்துப்போட்டேனுங்ணா. நம்ம ஊருப் பேச்சு, நம்ம ஜனத்துக்கு எதுக்குங்ணா எழுத்து?”

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாய்விட்டு ஐயோ என்று சொல்ல முடியுமா? “நல்லதுங்க அம்மணி” என்றான். எழுந்து போகவும் வழியில்லை. இரண்டு பக்கமும் முழங்கால்கள்.

படம், எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் நல்ல தண்ணீர் வரும் ஒரு வீட்டைப் பற்றியது. முகங்கள் தெரிந்தவரை சமாளித்தான். பாதிப் படத்தில் அந்த வீட்டு அம்மா பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காட்சி மாறவே இல்லை. முதுகு, ஜாக்கெட்டில் படர்கிற வேர்வை, எப்போதாவது நின்று பிறகு வேகமெடுக்கும் கை. தூரத்தில் மெல்லிய இரைச்சல். குழாய்த் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டான். கடிகாரத்தைப் பார்த்தான். பதினோரு நிமிஷம். உண்மையாகவே அழுதான்.

படம் முடிந்து விளக்கைப் போட்டு, அவனை முன்னால் அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பயத்தை மறந்து பேசினான்.

“பதினோரு நிமிசமுங்க! அந்தம்மா ஒரு வார்த்தை பேசல. நம்மூருப் பொம்பளைங்க பேசாம விழுங்குனது அத்தனையும் அந்த முதுகுல இருக்குதுங்க. இப்படியொரு மௌனத்தை நான் எந்தத் தேசத்துப் படத்துலயும் பாத்ததில்லைங்க.”

மூன்றாவது வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பக்கத்திலிருந்த பெண்ணின் உதடு அசைந்தது: ‘பாவம், காது கேக்காதாட்ட இருக்குது.’ அங்கே யாரும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. நம் ஊர் மரியாதை தெரிந்ததுதானே. கை தட்டினார்கள்! அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடம்பெல்லாம் கூசியது.

நஸ்ரியா எழுந்து வந்து, தன் முகம் அவனுக்கு நன்றாகத் தெரியும்படி எதிரே நின்றாள்.

“அந்தப் பதினோரு நிமிசமும் அம்மா பேசிட்டேதான் இருந்தாங்கண்ணா” என்றாள். “வாசல்ல உக்காந்திருக்கற அப்பாகிட்ட. அவரு காதுலயே வாங்கல, அதுதானுங்ணா படம்.”

கேரளத்துக்காரர்கள் அன்பாகக் கை கொடுத்தார்கள். போனில் கூப்பிடுகிறோம் என்று காதருகே விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். கூப்பிட்டாலும் ஒன்றுதான், கூப்பிடாவிட்டாலும் ஒன்றுதான்.

கருமத்தம்பட்டி பஸ்ஸில் கதவு இருந்தது, ஜன்னல் இருந்தது. ஆனாலும் அவனுக்கு மூச்சு முட்டியது. திருவனந்தபுரம் கைநழுவிப் போனது வலித்தது. ஆனால் அவிநாசி ரோடு நெடுக அவன் கண் முன்னால் நின்றது அது அல்ல. அந்த முதுகுதான்.

வீட்டுக்குள் நுழைந்தான். தெய்வாத்தாள் அடுப்படியில், அதே முதுகு. இன்றைக்கு அவன் நாற்காலியில் உட்காரவில்லை. அடுப்படிக்குள் போய், அடுப்புத் திட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் உடம்பை ஒடுக்கி நுழைந்து, அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

“...நல்லாப் பேசிப்போட்டு வாங்கன்னு காத்தால அத்தன ஆசையாச் சொன்னேன். ஊங்கறதுக்குக்கூட வாயில்ல மனுசனுக்கு. நாலு வருசமா இந்தச் செவுத்துகிட்டயே...”

அவனைக் கண்டு திடுக்கிட்டு நிறுத்தினாள். “ஏனுங்க, இங்க வந்து நிக்கறீங்க?”

“எனக்குக் காது கேக்கறதில்ல தெய்வா” என்றான். “எம் மூஞ்சியப் பாத்து, மொதல்லிருந்து சொல்லு.”