ஆளுக்கு ஒரு கதவு

பள்ளி வேன் ஓட்டுகிறவள் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பியபோது, மாநகராட்சி மேற்பார்வையாளர் அவள் வீட்டு முன்னால் நின்றிருந்தார். வீடு தெருமுனையில் இருந்தது. வேன் ஏறி இறங்குவதற்காக நடைபாதையின் குறுக்கே அவள் போட்டிருந்த சிமென்ட் சரிவைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உடைக்கும் மெஷினோடு ஒரு தொழிலாளி.

"நோட்டீஸ்ல குடுத்த கெடு முடிஞ்சுபோச்சும்மா. முனைக்கு இவ்வளவு கிட்ட வண்டிய இறக்கக் கூடாது. திரும்பி வர்றவன் கண்ணுக்கு நீங்க தெரிய மாட்டீங்க. நடந்து போறவங்களும் இதைச் சுத்தி ரோட்ல இறங்கிப் போறாங்க."

அவளுக்குத் தெரியாததல்ல. அவள் வேனில் ஏறுகிற பிள்ளைகளே அப்படி இறங்கித்தான் வந்தார்கள். ஆனால் வேனை இரவில் தெருவில் விடக் கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் கண்டிப்பு. மதிலுக்குள் நிறுத்த இடமில்லாத வேனை வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"இதை உடைச்சா என் பொழப்பு போச்சு சார்."

"அதான் பழைய வழி இருக்கே." முனையிலிருந்து தள்ளி, பெரிய இரும்பு கேட்டைக் காட்டினார்.

"அதுல பாதிதான் என்னோடது."

அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். கேட்டின் நட்டநடுவில் ஒரு சுவர் புறப்பட்டு முற்றத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு பின்பக்கம்வரை போனது. இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. எதிலும் ஸ்கூட்டருக்கு மேல் நுழையாது.

"யாரு இப்படிக் கட்டினது?"

"நானும் எங்க அக்காவும். ஆளுக்கு ஒரு கதவு."

"கேட்டைக்கூடவா பாகம் பிரிப்பாங்க?"

"குறை வரக் கூடாதுன்னு பிரிச்சோம்."

சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்க மாட்டார்கள். அப்பா போன பிறகு, நீயே வைத்துக்கொள், நீயே வைத்துக்கொள் என்று இருவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்ததில் சுவர் சரியாக நடுவில் வந்து நின்றது. நின்ற பிறகுதான் கோபம் வந்தது. உன்னால்தான் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி திருப்பிச் சொல்ல, அதோடு பேச்சு நின்றது. சொந்தக்காரர்கள் வந்து பேசிப் பார்த்துக் கைகழுவிவிட்டார்கள்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. சரிவு பெயரத் தொடங்கியதும் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. அக்கா தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள்.

"கொஞ்சம் நிறுத்துப்பா. வீடே அதிருது. நான் போடற தையல் பாம்பு மாதிரி போகுது." பிறகு மேற்பார்வையாளரிடம், "அவங்களுக்கு என்னவாம்?" என்றாள்.

அவர் நடந்ததைச் சொன்னார். "ரெண்டு வீடும் ஒரே வழியாப் போய்க்கலாம்மா. விதியில அதுக்கு இடமிருக்கு. ரெண்டு பேரும் சம்மதிச்சாப் போதும், நானே அனுமதி வாங்கித் தந்துடறேன். சுவர்ல முன்பக்கம் மட்டும் கொஞ்சம் எடுக்கணும்."

"இதை ஏன் அவங்க எங்கிட்ட கேக்கல?"

அவர் தங்கையைப் பார்த்தார். நடுவில் நிற்க அவருக்கு விருப்பமில்லை.

"கேட்டா நீ குடுத்துருவே," என்றாள் தங்கை. "அப்புறம் காலம் பூரா சொல்லிக்காட்டுவே."

"சொல்லிக்காட்டத்தான் செய்வேன். அதுக்காகக் கேக்காம இருப்பியா?"

'அவங்க' போய் 'நீ' வந்ததைத் தங்கை கவனித்தாள்.

அக்கா இடுப்பிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்தாள். வேனை ஒரு தடவை பார்த்தாள், சுவரை ஒரு தடவை பார்த்தாள். துணியில் போடுவதுபோல் சுவரில் ஒரே இழுப்பில் கோடு போட்டாள்.

"இதுவரைக்கும் எடுங்க."

"சுவர் உடைக்கிறது எங்க வேலை இல்லம்மா," என்றார் மேற்பார்வையாளர்.

மெஷின்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாப்பாட்டு நேரத்துல தட்டிவிட்டுடறேன் சார். ஒத்தைச் செங்கல். ஊதினாலே விழுந்துரும்."

மேற்பார்வையாளர் வானத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரத்துல நான் இங்க இருக்கமாட்டேன்," என்றார்.

உதவி என்றால் இப்படித்தான் வரும்போலிருக்கிறது என்று நினைத்தாள் தங்கை. இத்தனை சொந்தம் கூடிப் பேசியும் அசையாத சுவர், முன்பின் தெரியாத ஒருவரின் வாயிலிருந்து வந்த ஒரு விதிக்கு இறங்கிவந்தது. அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அதற்குள் அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அவள் வேனோடு வந்தபோது செங்கல் துண்டுகள் ஓரமாகக் குவிந்திருந்தன. அக்கா தெருவில் இறங்கி, வந்த ஒரு சைக்கிளைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"வா, வா. வரட்டும். இடது பக்கம் ஒடி."

இந்த வேனைத் தங்கை யார் துணையுமில்லாமல் இதைவிட இடுக்கான இடங்களில் பின்னால் எடுத்திருக்கிறாள். ஜன்னலை இறக்கினாள்.

"அக்கா, ரொம்ப..."

"பேசாம பின்னாடி பாத்து ஓட்டு."

இடம் தாராளமாக இருந்தது. இருந்தாலும், தேவையில்லாத இடத்தில் இரண்டு முறை நிறுத்தி, "சரியாக்கா?" என்று கேட்டுக்கொண்டாள்.