மின்தடை இல்லவே இல்லை

தான் அனுப்பிய ஒரு தப்பான பதிலுக்கு அவள் இன்றுவரை மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரியாகப் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் பாழாய்ப் போயிருக்கும்.

பதில் போனது அவள் கொழுந்தனுக்கு. மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடையில் வேலை. பேனா செருக வேண்டிய சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் செருகியிருப்பான், அதனால் டெஸ்டர் என்றே பேர் நிலைத்துவிட்டது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அண்ணன் வீட்டுக்கு வந்தாலும் ஸ்விட்சோடும் பிளக்கோடும்தான் உறவு கொண்டாடுவான். தமிழில் படித்த பெருமை வேறு. கடையில் எல்லாரும் ரெசிஸ்டன்ஸ் என்றால் இவன் மட்டும் மின்தடை என்பான். கேலி செய்தவர்கள்தான் களைத்துப்போனார்கள்.

அவளுக்குத் தெரிந்த மின்தடை வேறு. மின்சார அலுவலகத்திலிருந்து செய்தி வருமே, 'நாளை காலை ஒன்பது மணி முதல் மின்தடை' என்று, அதுதான். கரண்ட் போவதற்கு அரசாங்கம் வைத்த கௌரவமான பேர்.

அவள் வீட்டுப் பின்னறையில் கோழிக்குஞ்சு பொரித்து விற்பவள். நானூறு முட்டை கொள்ளும் இன்குபேட்டர் பெட்டி ஒன்று வைத்திருந்தாள். போன இரண்டு தடவையும் முக்கால்வாசி கூமுட்டை. மூன்றாவதும் போனால் பெட்டியைத் தள்ளிவிடலாம் என்று லாரி ஓட்டும் கணவன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். கோபத்தில் அல்ல, அவள் படும் பாட்டைப் பார்த்துத்தான். ஆனால் அந்த அறையை விட்டால் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இந்தத் தடவை பத்தொன்பது நாள் ஒழுங்காக ஓடிவிட்டது. இன்னும் இரண்டே நாள்.

அன்று காலை பார்த்தால் சூடு முப்பத்தேழரை டிகிரியிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது. உடனே கொழுந்தனுக்குச் செய்தி அனுப்பினாள். வந்த பதில்: 'ஞாயிறு வருகிறேன். மின்தடை எவ்வளவு?'

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. பெட்டியின் முகப்பில் இரண்டு முள் உண்டு, ஒன்று வோல்ட், மற்றது ஆம்பியர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன் என்று அவன் முன்பு ஒருமுறை சொன்னபோது இவள் மகள் பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டே மண்டையை மண்டையை ஆட்டியிருந்தாள். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. இப்போது எரிச்சல்தான் வந்தது. இங்கே உயிர் போகிறது, இவன் எத்தனை மணி நேரம் கரண்ட் போனது என்று விசாரிக்கிறானே. 'மின்தடை இல்லவே இல்லை' என்று அடித்து அனுப்பிவிட்டு, போனை அடுக்களையில் போட்டாள். வீட்டிலுள்ள போர்வையெல்லாம் வாரிக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் போர்த்தினாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு இடிபட்டது. திறந்தால் டெஸ்டர். மூச்சு வாங்குகிறது, சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, ஒரு காலில் செருப்பு இல்லை. அவளைப் பார்க்கக்கூட இல்லை, நேரே பின்னறைக்கு ஓடி மெயினை அணைத்தான். பிறகு போர்வைக் குவியலைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எரிந்த நாற்றம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடி போட்டான். முட்கள் எழுந்தன. இருநூற்று முப்பது வோல்ட், ஒரு ஆம்பியர்.

"இதை அதால வகுத்தா என்ன வருது அண்ணி?"

முட்டை எண்ணிப் பழகியவளுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா. "இருநூத்தி முப்பது. பெருக்கினாலும் அதேதான்."

"நூத்திப் பதினஞ்சு ஓம் இருக்கணும். நானூத்தி அறுபது வாட் வரணும். இப்ப பாதிதான் வருது. உள்ள சூடேத்துற காயில் ரெண்டு இருக்கு, ஒண்ணு செத்துப்போச்சு."

பின்பக்கத்தைத் திறந்தான். ஒரு காயிலின் முனை கருகி, திருகாணியிலிருந்து கழன்று நின்றது. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிக் கட்டினான், பத்து நிமிஷ வேலை. மெயினைப் போட்டதும் ஆம்பியர் முள் இரண்டுக்கு ஏறியது. அவன் கேட்கும் முன்பே அவள் வகுத்தும் பெருக்கியும் சொல்லிவிட்டாள்.

சூடு முப்பத்தேழரையைத் தொடும்வரை இருவரும் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டதும் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். உள்ளே மெல்லிய கீச்சுச் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னவன் ஏன் இப்படி விழுந்தடித்து வந்தான் என்று கேட்டாள். மின்தடை இல்லவே இல்லை என்றால் ஷார்ட் சர்க்யூட் என்று அர்த்தமாம். ஃபியூஸில் அண்ணன் தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருப்பது இவனுக்குத் தெரியும், அது போகாது, வீடுதான் பற்றும். ஆறு தடவை போன் அடித்திருக்கிறான். கரண்ட் போவதைத்தான் கேட்கிறான் என்று தான் நினைத்ததை அவள் சொன்னதும் அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் பல்லையே அன்றுதான் பார்த்தாள்.

"நல்லவேளை தம்பி. நானூறு முட்டைக்காகச் செருப்பைக்கூட விட்டுட்டு ஓடி வந்திருக்கே."

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு டெஸ்டரைப் பையில் செருகினான்.

"முட்டை ஞாபகமே வரல அண்ணி. நீங்களும் பாப்பாவும் வீட்ல இருப்பீங்கன்னுதான்..."

எட்டு வருஷமாக இவனைக் கல்லுப்பிள்ளையார் என்று கணவனிடம் குறை சொல்லி வந்தவள் அவள். வீட்டு ஆளுக்கு நன்றி சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை, சொன்னால் வேற்றாள் ஆக்கியது போலிருக்கும். ஆனாலும் வாய்விட்டுச் சொன்னாள். அவன் கூச்சத்தில் நெளிந்து, பாப்பா எங்கே என்று கேட்டான்.

பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. "சித்தப்பா வந்திருக்காரு, ஓடி வா" என்று அவள் வாசலிலிருந்து உரக்கக் கூப்பிட்டாள், தெருவுக்கே கேட்கட்டும் என்று.