தண்ணீர் கேட்ட தகடு

1972 சித்திரையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், விரல் கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு ஒரு லாரியைத் தாங்கி நின்றது. பிறகு அதற்குத் தாகம் எடுத்தது. தகட்டுக்குப் பலம் தரும் கண்ணாடி இழை கிடைக்காத அந்த வருஷம், தகடு கம்பெனி முதலாளி ரகுநாதன் பிசினுக்குள் வாழைநாரை வைத்துத் தகடு வார்த்தார். நார் அடுக்கும் வேலைக்குக் கள்ளிக்குப்பத்து முத்தம்மாளைச் சேர்த்தார். இருபது வருஷம் பூக்கட்டிய கை அவளுடையது. சருகாகக் காயவைத்துக் கொடுத்த நாரை, பழக்கதோஷத்தில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத்தான் அடுக்கினாள். தகடு இறுகிய பிறகே விஷயம் வெளியே வந்தது. ரகுநாதன் தகட்டைத் தட்டிப் பார்த்தார்.

“ஈர நார்ல பிசின் பிடிக்காதும்மா. இது உடைஞ்சா நாளைலேர்ந்து நீ வர வேணாம்.”

“காஞ்ச நாரு பட்டுனு அறுந்துபூடும் சார். அதான் நனைச்சேன்” என்றாள் முத்தம்மாள். கால் ஒடிந்து படுத்திருந்த கணவனும் இரண்டு பெண்களும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

அந்தக் கம்பெனியில் சோதனை என்றால், தகட்டை வாசல் சாக்கடைக்குக் குறுக்கே போட்டு ஆட்களை ஏற்றுவதுதான். காய்ந்த நார்த் தகடு நாலு பேரைத் தாங்கும். இது பதினோரு பேரைத் தாங்கியது. அவர்கள் இறங்கிய கையோடு, புதுப் பாலம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, டிரைவர் வேம்புலி பிசின் பீப்பாய் லாரியை அதன்மேல் ஏற்றிவிட்டார். தகடு நெளியக்கூட இல்லை. லாரி எஞ்சின்தான் நின்றுபோனது.

உச்சி வெயில் ஏறியதும் தகடு முனகத் தொடங்கி, லாரியோடு அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கியது. அசைந்தால் உடையுமோ என்று வேம்புலி ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யம்மா, இன்னாவாச்சும் பண்ணும்மா” என்றார்.

முத்தம்மாள் மட்டும் கிட்டே போனாள். “அதுக்குத் தண்ணி தவிக்குது சார்” என்று சொல்லி, பூவுக்குத் தெளிப்பதுபோல இரண்டு கை தெளித்தாள். தகடு லாரியைத் தூக்கிக்கொண்டு ஒரு சாண் எழுந்தது. ரகுநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேம்புலி எஞ்சினைக் கிளப்பி லாரியை இறக்கினார்.

அதற்குப் பிறகு வேறு ஆட்கள் நாரை நனைத்து வார்த்த தகடுகளெல்லாம் இரண்டாவது ஆளுக்கே பிளந்தன. அவர்கள் தெளித்த தண்ணீரை முதல் தகடும் குடிக்கவில்லை. அது வாசலிலேயே பாலமாகக் கிடந்தது. 1976 பெருமழையை மட்டும் அது மறுக்கவில்லை; அளவுக்கு மீறிக் குடித்து உயர்ந்துவிட்டதால், இரண்டு நாள் ஏணி வைத்துத்தான் வேலைக்குப் போனார்கள்.

1979-ல் முத்தம்மாளை நிரந்தரமாக்கிய உத்தரவில், வேலை என்ற இடத்தில், தகட்டுக்குத் தண்ணீர் கொடுப்பது என்று டைப் அடித்திருந்தது. அவள் லீவு போட்ட நாட்களில் லாரிகள் வெளியே வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கிப் போய் டீ குடித்தார்கள்.