அவர் பெயரில் என் கை

போன் அடித்தபோது நான் ஒரு சட்டையின் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் என் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். எதைக் கவனிப்பது என்று தெரியாமல் கையிலிருந்த ஊசியையே பார்த்தேன். ஒரு வாரமாக இப்படித்தான். எழுந்தால் நாற்காலியைப் பிடிக்கிறார், கதவைப் பிடிக்கிறார், கதவு எட்டாவிட்டால் என்னைப் பிடிக்கிறார். என்னவென்று கேட்டால் "கால் மரத்துப்போச்சு" என்பார். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனிதர். பத்தாவது மாடியில் நின்று கீழே எட்டிப் பார்த்தவருக்கு வீட்டுக் கூடத்தில் தலை சுற்றுகிறது என்று சொல்ல வாய் வருமா?

"ஒன்பது மணி கூப்பிடுறா, எடு" என்றார்.

ஒன்பது மணி என்பது ஆஸ்பத்திரி நர்ஸுக்கு அவர் வைத்த பெயர். மூன்று மாதம் முன்பு அவருக்கு இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, எட்டு நாள் படுக்கையில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். அதில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்க்கிற பிரஷர் மெஷின். தினம் காலையில் ஒரு தடவை பார்த்தால் போதும், எண்ணும் துடிப்பும் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அங்கே இந்தப் பெண் திரையின் முன் உட்கார்ந்து, எங்களைப் போல எத்தனையோ வீட்டின் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்பது மணிக்குள் போகாவிட்டால் அவளே போன் செய்வாள். அதனால் அந்தப் பெயர். ஆனால் இன்று எண் ஏழரைக்கே போய்விட்டது. இப்போது மணி பதினொன்று.

"அம்மா, அய்யா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு" என்றேன். வாய்ப் பழக்கம்.

"இல்லம்மா, காலைல வந்த பிரஷர் நூத்தி எழுபத்திரெண்டு. பத்து நாள் முன்னாடி மாத்திரையை ஏத்திக் குடுத்தோம்ல, அதுக்கப்புறமும் ஒண்ணு ரெண்டு நாள் தவிர இறங்கவே இல்ல. துடிப்பும் தாறுமாறா வருது. இன்னொரு மாத்திரை சேக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. அதுக்கு முன்னாடி கேட்டுக்கறேன். அய்யாவுக்குப் படபடப்பு இருக்கா? படியேறினா மூச்சு வாங்குதா?"

நான் அவரைப் பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து, காலையில் படித்து முடித்த செய்தித்தாளை மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். படபடப்பு ஒன்றும் இல்லை. வெளுத்துப்போய், சோர்ந்துபோய், நிதானமாக இருந்தார். படபடப்பு எனக்குத்தான் இருந்தது. மூன்று நான்கு வாரமாகவே இருக்கிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

காலை ஏழரை மணிக்குப் பட்டையைச் சுற்றியது என் கையில்.

இதை எப்படிச் சொன்னாலும் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் கையைக் கொடுத்தார். பிறகு முகம் மாறியது. "தினம் பரீட்சை எழுதச் சொல்றா", "என்னை எவளோ எங்கயோ உக்காந்து வேவு பாக்கறா" என்று ஆரம்பித்தார். ஒன்பது மணி அடித்து, அந்தப் பெண் கூப்பிட்டுவிட்டால் அன்று முழுக்க வீடு வீடாக இருக்காது. ஒருநாள் விடியற்காலை வரை தூங்காமல் புரண்டவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. ஒரு நாள்தானே என்று என் கையில் சுற்றிப் பித்தானை அழுத்தினேன். நூற்று இருபத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் போனில் செய்தி வந்தது: "மிகவும் நன்று. இப்படியே தொடருங்கள்." பள்ளிக்கூடத்திலேயே யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அவரிடம் காட்டினேன். "பாத்தியா? எனக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல?" என்று அன்று வாசல் வரை நடந்து போய்ப் பால் வாங்கி வந்தார்.

அந்தச் சந்தோஷத்துக்காகவே மறுநாளும் செய்தேன். அப்புறம் அவர் முறைத்த நாளெல்லாம் செய்தேன். அவராகக் கை நீட்டிய நாளில் அவருக்குப் பார்த்தேன். நான் தையல்காரி. முப்பது வருஷமாக ஊரார் அளவை நோட்டில் எழுதுகிறேன். ஒருத்தி இடுப்பளவை இன்னொருத்தி பெயரில் ஒரு தடவை கூட எழுதியதில்லை. அதை யாராவது செய்தால் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவேன். ஆனால் இது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், என் கையில் சுற்றிய பிறகும், வருகிற எண்ணை அவருடையதாகத்தான் நினைத்தேன். மெஷின் அவருடையது, பெயர் அவருடையது, ஆகவே நோயும் அவருடையது. நூற்று ஐம்பது வந்த அன்று அவருக்கு உப்பைக் குறைத்தேன். நூற்று அறுபது வந்த அன்று "நீங்க கோவப்படறதாலதான் ஏறுது" என்று அவரைத் திட்டினேன். அவர் பயந்துபோய் ஒரு நாள் முழுக்கக் கோபப்படாமல் இருந்தார். மறுநாள் நூற்று அறுபத்தைந்து வந்தது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. கொஞ்சம் இரு."

போனை மார்போடு அழுத்திக்கொண்டேன். அவர் தலையைத் தூக்கினார்.

"என்னவாம்?"

"உங்களுக்கு இன்னொரு மாத்திரை சேக்கணுமாம்."

"சேக்கட்டும். ஏத்தின மாத்திரைக்கே நிக்க முடியல, தலை கிறுகிறுன்னு சுத்துது. இன்னொண்ணையும் முழுங்கிட்டுப் படுத்தே கிடக்கறேன்."

ஒரு வாரத்தில் முதல் தடவையாகத் தலை சுற்றுகிறது என்று அவர் வாயால் சொன்னார். என் பிரஷருக்கு அவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்காவிட்டால் இன்றைக்கு இன்னொன்றும் சேர்ந்துவிடும். நாளைக்குச் சுவரைப் பிடித்த கை நழுவினால் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். சொன்னாலோ, இத்தனை நாளாக அவரை ஏமாற்றியது அவருக்குத் தெரிந்துபோகும். அதைவிட, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பெண்ணின் "மிகவும் நன்று" எல்லாம் பொய்யாகிவிடுமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. போனை எடுத்தேன்.

"அம்மாடி, மாத்திரை சேக்க வேணாம். அது அவரு பிரஷர் இல்ல. என்னோடது."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது.

"உங்களோடதுன்னா?"

"அவரு கை குடுக்க மாட்டேன்னா நான் என் கையில கட்டிப்பேன்."

செய்தித்தாள் கீழே இறங்கியது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இன்னிக்கு மட்டுமாம்மா?"

"இன்னிக்கும்."

"வேற எந்தெந்த நாளு?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. எழுதி வைத்திருந்தால் தெரியும். எழுதவே வேண்டாம் என்றுதானே அந்த மெஷினைக் கொடுத்தார்கள்? அந்தப் பெண் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். ஒவ்வொரு தேதியாகப் படித்தாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"போன திங்கக்கிழமை, நூத்தி அறுபத்தெட்டு."

"அது நானு" என்றேன்.

"இல்ல, அது நான்தான்" என்றார் அவர். "திங்கக்கிழமை நான் குடுத்தேன்."

"எங்க குடுத்தீங்க? போர்வைய இழுத்துத் தலைக்கு மேல மூடிக்கிட்டீங்க."

"அது ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை நூத்தி பத்து" என்றாள் நர்ஸ்.

"அப்ப ஞாயித்துக்கிழமைதான் நான் குடுத்தது" என்றார்.

"இப்பத்தானே திங்கள்னு சொன்னீங்க?"

"நல்ல நம்பரெல்லாம் எனக்கு எழுதிக்கோம்மா" என்று போனைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிடுவாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா, திரையில ஓரமா சின்னதா ஒரு இதயம் துடிக்கிற மாதிரி அடையாளம் வந்திருக்குமே. பாக்கலியா?"

"பாத்தேனே. ரொம்ப நாளா வருதே."

"அது என்னன்னு நெனச்சீங்க?"

"எல்லாம் நல்லா இருக்குன்னு காட்டுதுன்னு நெனச்சேன். போன்ல பொண்ணுங்க ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்குதுங்களே, அது மாதிரி."

"துடிப்பு சீரா இல்லன்னா அது வரும்மா" என்றாள் மெதுவாக.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக ஏமாற்றினாயே என்று கத்துவார் என்று தோளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தவில்லை.

"லிஃப்ட்ல எச்சரிக்கை விளக்கு எரிஞ்சிருந்தா அதுக்கு வணக்கம் வச்சிட்டு ஏறியிருப்பா இவ" என்றார். குரல் மட்டும் சரியாக இல்லை. பிறகு எழாமலே நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "எப்பலேருந்து படபடப்பு?" என்று கேட்டார். அவர் உடம்பைப் பற்றி மட்டுமே பேசிப் பழகிய வீட்டில், என் உடம்பைப் பற்றிக் கேள்வி வந்ததும் யாரையோ கேட்கிறார் என்று தோன்றியது.

நர்ஸ் வீடியோவில் வந்தாள். குரலை வைத்துப் பெரிய பெண் என்று நினைத்திருந்தேன். என் தங்கை மகள் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டு, அலுவலகத்தில் அரைகுறையாகச் சாப்பிட்ட முகம். போனை மேஜைமேல் நிறுத்தச் சொன்னாள்; தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தேன். முதலில் அவர் கையில் சுற்றச் சொன்னாள். மறுபேச்சு பேசாமல் கை நீட்டினார். பட்டை உப்பி, இறங்கி, எண் நின்றது. தொண்ணூற்றாறு. அந்தச் சின்ன அடையாளம் வரவில்லை. அவள் எதையோ குறித்துக்கொண்டாள்.

"அய்யாவுக்கு ரொம்பக் கீழ இறங்கிருக்கு. ஏத்திக் குடுத்த மாத்திரைய இன்னிக்குப் போடாதீங்க. டாக்டர்கிட்ட இப்பவே பேசறேன். இப்ப உங்க கைம்மா."

அவரே பட்டையை எடுத்து எனக்குச் சுற்றினார். முழங்கைக்கு மேல் எங்கே வைக்க வேண்டும், குழாய் எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தினம் முறைத்துக்கொண்டே கவனித்திருக்கிறார். பித்தானையும் அவரே அழுத்தினார். எத்தனையோ தடவை இந்த மெஷின் என் கையை இறுக்கியிருக்கிறது, இதுவரை பயந்ததில்லை. இன்று அது என்னைத்தான் பார்க்கிறது என்று தெரிந்ததும் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். நூற்று எழுபத்தாறு. ஓரத்தில் அந்தச் சின்ன இதயம் துடித்தது.

"அம்மா, இந்த மெஷின் அய்யா பேர்லதான் இருக்கு. உங்க பேரே எங்ககிட்ட இல்ல. இந்த நம்பரை நான் எங்க போடறதுன்னே தெரியல" என்று அவள் தடுமாறினாள். உடனே சுதாரித்துக்கொண்டாள். "அத நான் பாத்துக்கறேன். நீங்க இன்னிக்கே வரணும். இப்பவே. வண்டி அனுப்பச் சொல்றேன்."

"அவரு எழுந்து நடக்க முடியாதேம்மா, எப்படிக் கூட்டிட்டு வருவேன்?" என்றேன்.

"நான் உங்களை வரச் சொல்றேன்."

"அதான், அவரைக் கூட்டிக்கிட்டு..."

"அம்மா, நீங்க. நோயாளி நீங்க."

எனக்குப் புரிந்ததா என்று கேட்டால், அப்போது புரியவில்லை. ஆஸ்பத்திரி என்றதும் என் கால் தானாகவே அவருடைய பைக்குத்தான் போகும். அவருடைய சீட்டு, அவருடைய மாத்திரை, அவருடைய துண்டு. எனக்கென்று எதை எடுத்து வைப்பது? உட்கார்ந்தபடியே அலமாரியைப் பார்த்தேன். அதிலே என் பெயர் போட்ட காகிதம் ஒன்றுகூட இல்லை.

"நீ உக்காரு. நான் எடுத்துட்டு வரேன்" என்று அவர் எழுந்தார்.

எழுந்தவர் அப்படியே ஆடினார். கை காற்றில் சுவரைத் தேடியது. நான் பட்டையைக் கழற்றாமலே பாய்ந்து அவர் தோளைப் பிடித்தேன். மெஷின் மேஜையிலிருந்து சரிந்து, குழாயில் தொங்கி, என் தொடையில் இடித்தது. பாய்ந்த வேகத்தில் எனக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. கூடம் ஒரு சுற்றுச் சுற்றியது. விழப்போகிறேன் என்று நினைத்த நேரத்தில் என் இடுப்பை அவர் கை பிடித்தது. பிடித்து நிறுத்தினாரா, நிற்பதற்காகப் பிடித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

"உக்காரு" என்றார்.

"நீங்க உக்காருங்க" என்றேன்.

இரண்டு பேரும் உட்காரவில்லை. ஒருவர் விட்டால் மற்றவர் விழுந்துவிடுவார் என்று இருவருக்கும் பயம். மேஜைமேல் சொம்பு சாய்ந்து, போன் மல்லாந்து, கூரையைப் பார்த்துக் கிடந்தது. அதற்குள்ளிருந்து அந்தப் பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன சத்தம்? யாரு விழுந்தது? அய்யாவா? அம்மாவா? யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன், யாரு யாரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"