தொண்ணூற்றாறு ட்ரோன்களோடு ஒரு சுரங்கக் கப்பல்

பலாபத்வலயில் ஏ ஒன்பது ரோட்டோர வீட்டில் இருக்கிற ஆதிபா ஒரு விண்கப்பல் வாங்கப் போகிறாள் என்ற செய்தி, வியாழக்கிழமை காலையில் அவள் புருஷன் அப்துல் ஸமதுக்குத் தெரிந்தது. அசர் தொழுகைக்குள் பாதி மாத்தளைக்குத் தெரிந்துவிட்டது. மீதிப் பாதி தப்பியதற்குக் காரணம், ஸமதின் ஃபோனில் ரீலோட் போட்ட காசு தீர்ந்துபோனதுதான்.

கப்பல் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற கப்பல். மகள் ஷஸ்னா கல்யாணம் முடித்துக் கட்டாருக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஒரு விண்வெளி விளையாட்டு இருந்தது. தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் பார்சல் நிறுத்து, ஒரு தும்மலின் எடையைக்கூடக் கையாலேயே சொல்லக்கூடியவளாகி ஓய்வு பெற்ற ஆதிபா, அதில் தூசு தட்டப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விளையாட்டு சும்மா கொடுத்த குட்டிக் கப்பலில் எட்டு மாதத்தில் நாற்பது கிரகம் பார்த்தாயிற்று. பக்கத்து ஊர் எல்கடுவைக்கு அவள் போய்ப் பன்னிரண்டு வருஷம்.

ஆனால் இந்தக் கப்பல் விளையாட்டுக்காக இல்லை. குருநாகலில் இருக்கிற தங்கச்சி மஸீஹா அவளோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஷஸ்னாவின் கல்யாணத்துக்கு அவளை வீடு தேடிப் போய், உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து அழைத்திருக்க வேண்டும். அது முறை. பெற்றோலுக்கு ஊரெல்லாம் வரிசையில் நின்ற காலம் அது. ஆதிபா கார்டைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஐம்பத்தேழு பேரில் கூடப்பிறந்தவளும் ஒருத்தி. மஸீஹா கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஃபோனும் இல்லை, ராத்தா என்று அக்காவைக் கூப்பிடுகிற குரலும் இல்லை.

அந்த மஸீஹாவும் இதே விளையாட்டில்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை ஷஸ்னாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சாச்சி ஞாயித்துக்கிழம பிளாட்டினம் தோண்டப் போறாங்களாம். கூட ஒரு கப்பல் வேணுமாம். உம்மாட்ட தோண்டுற கப்பல் இருந்தா வரச் சொல்லுன்னாங்க."

ஆதிபா அதைப் பதினேழு தடவை படித்தாள். தங்கச்சி குறை சொல்ல முடியாத கப்பல் வேண்டும். இதில் பிழை விட்டால் இன்னொரு அழைப்பு வராது.

கடையில் அவள் வசதிக்கு இரண்டு கப்பல் இருந்தன. ஒன்று வெள்ளி நிறத்தில் கத்தி மாதிரி ஒல்லி. மற்றது, எருமையை நாலு பக்கமும் அமுக்கிப் பெட்டியாக்கினது போல.

தம்புள்ளைக்கு முப்பது வருஷம் மரக்கறி லொறி ஓட்டின ஸமத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"அந்தக் குண்டன எடு."

"அது பார்க்கவே ஒரு மாதிரி இருக்குங்க."

"லொறி எடுக்கிறவன் முகத்தயா பார்ப்பான்? தட்டு எவ்வளவு நீளம்னு பார்ப்பான். அந்த ஒல்லி, கல்யாணத்துக்குப் போற கார்."

கல்யாணம் என்ற சொல் விழுந்ததும் ஸமத் கண்ணாடியைக் கழற்றினார். ஆதிபா குண்டனை எடுத்தாள். மாத்தளை மாவட்டத்து மிளகு முழுவதையும் ஏற்றினாலும் அதற்குள் ஒரு மூலையில் படுத்துத் தூங்கலாம்.

அடுத்தது சாமான் பூட்டுகிற வேலை. கல்லுடைக்க இரண்டு லேசர். உடைத்ததை அரைத்துச் சுத்தமாக்க ஒரு ஆலை. கொள்ளைக்காரன் சுட்டால் தாங்க ஒரு கவசம்.

"ஸ்பெயார் டயர்?" என்றார் ஸமத்.

"இதுக்கு டயரே இல்லங்க."

"டயர் இல்லாத வண்டியில எவ்வளவு தூரம் போகப் போற?"

"நானூறு ஒளியாண்டு."

"அப்ப ரெண்டு ஸ்பெயார் வேணும்."

கடைசியாக ட்ரோன்கள். உடைந்து மிதக்கிற துண்டுகளைப் பொறுக்கிக் கப்பலில் கொண்டுவந்து போடுகிற குட்டி இயந்திரங்கள்; கொஞ்ச நேரம் வேலை செய்து செத்துப்போகும். இருபது போதும் என்று கடையிலேயே எழுதியிருந்தது. ஆதிபாவுக்கு அந்த இருபது பிடிக்கவில்லை. நோன்பு திறக்க நாற்பது பேரைக் கூப்பிட்டால் அறுபது பேருக்கு ஆக்குகிறவள் அவள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற ஸஹன் தட்டு அவள் வீட்டில் ஒருநாளும் வெறுமையாக எழும்பியதில்லை. தொண்ணூற்றாறு வாங்கினாள். கடை அதற்கு மேல் தரவில்லை.

ஞாயிறு அசர் தொழுதுவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினாள். மஸீஹாவுக்கு ஸலாம் சொன்னாள். பதில் சொல்வது கடமை என்பதற்காக மட்டும் ஒரு பதில் ஸலாம் வந்தது. அதோடு சரி. இரண்டு கப்பல்களும் வாய் திறக்காமல் நானூறு ஒளியாண்டு போய், ஒரு கிரகத்தின் வளையத்துக்குள் இறங்கின.

ஆதிபா முதல் கல்லை உடைத்தாள். பிளாட்டினம் பொரி மாதிரி சிதறியது. ஒரு ட்ரோன் போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து, தான் இருந்த இடத்தில் போட்டது. அடுத்த துண்டுக்கு இடமில்லை. திரை சிவந்தது: களஞ்சியம் நிறைந்துவிட்டது. வெளியே விடுகிற வரைக்கும் ஒவ்வொரு ட்ரோனும் ஒரு பெட்டிச் சரக்கு, கப்பல் கொள்வதே தொண்ணூற்றாறு பெட்டி என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

பின்னால் நின்ற ஸமத் மெதுவாகச் சொன்னார், "கரண்ட் போச்சுன்னு சொல்லிட்டு நிப்பாட்டு."

"கரண்ட் போகல்லயே" என்றாள் ஆதிபா. பிறகு மைக்கில், "மஸீஹா, என்ட கப்பல்ல இடமில்ல."

"இப்பதானே வந்தோம். என்னத்த ஏத்திட்டு வந்தீங்க?"

"ட்ரோன்."

"எத்தன?"

"தொண்ணூத்தாறு."

மஸீஹாவின் கப்பல் திரும்பிப் பக்கத்தில் வந்து நின்றது.

"இருபதுன்னு கடையிலயே எழுதியிருக்கு" என்றாள் மஸீஹா.

"பத்தாமப் போச்சுன்னா?"

"பத்தாமத்தான் போச்சு. என்ட இருபதுல பாதி வந்த உடனேயே கல்லுல அடிபட்டுச் செத்துட்டு. கொஞ்சம் வெளிய தள்ளுங்க, நான் எடுக்கிறேன்."

ஆதிபா தள்ளினாள். கோழிக்கூட்டைத் திறந்துவிட்டது போல் ட்ரோன்கள் வானமெல்லாம் இறைந்தன. மஸீஹாவின் கப்பல் ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. பொறுக்கிக்கொண்டே கேட்டாள், "கல்யாணத்துலயும் இப்பிடித்தான் மிச்சமா?"

"ஒரு ஸஹன் மிச்சம். உன்ட வீட்டு ஆறு பேருக்கு வச்சது. ஒருத்தரையும் அதுல உக்கார விடல்ல."

ஒரு ட்ரோன் போயிற்று. இன்னொன்று போயிற்று.

"பெற்றோல் இல்லாமத்தான் உம்மா வீட்டுக்கு அழைக்க வரல்லன்னு ஷஸ்னா சொன்னா" என்றாள் மஸீஹா.

அந்தச் சாக்கை அப்படியே பிடித்துக்கொள்ளலாம். மகளே எடுத்துக் கொடுத்தது. ஆதிபா ஸமதைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"பஸ் ஓடிச்சு மஸீஹா. நான்தான் வரல்ல. ஃபோன்ல அனுப்புறது லேசா இருந்திச்சு."

"ஓடிச்சு" என்றாள் மஸீஹா. "மாத்தள பஸ் ஒரு நாளைக்கு நாலு. ரெண்டு கிழமையா, பதினாலு நாளும் வாசல்ல நின்னு எண்ணினேன்."

மைக்கில் ஆதிபா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் நானூறு ஒளியாண்டுக்குக் கேட்டிருக்கும்.

"சரி, இடப்பக்கத்துக் கல்லு நல்ல கல்லு" என்றாள் மஸீஹா. "நீங்க உடைங்க, நான் அள்ளுறேன்."

ஆதிபாவின் கண்ணாடி மங்கியிருந்தது. துடைக்க மனமில்லாமல் லேசரை அழுத்தினாள். முதல் அடி மஸீஹாவின் கவசத்தில் போய் விழுந்தது.

"ராத்தா, கல்லத்தான் உடைக்கச் சொன்னேன், என்னய இல்ல."